சாவி மாறாமல் பூட்டை மாற்றுவது எப்படி?

காரிமங்கலம் போன்ற ஓர் ஊரில், நூறு கணிப்பொறிகள் கொண்ட ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவி எந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்தாலும் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டியதும் அவளுடைய கோப்புகள் திறக்கின்றன. நூறு கணிப்பொறிகளுக்கும் அவளைத் தெரியுமா? தெரியாது. அவை மைய சர்வர் ஒன்றைக் கேட்கின்றன. "ஆம், இவள்தான்" என்று அது சான்றளிக்கிறது. இதுவே அடையாளச் சான்றுச் சேவை.

அந்த சர்வருக்கும் வயதாகும். பலரும் பயன்படுத்திய சென்ட் ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2024 ஜூன் 30-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. ஆகவே சேவையைப் புதிய சர்வருக்கு மாற்றியாக வேண்டும். ஆனால் யாருடைய கடவுச்சொல்லும் மாறக் கூடாது.

இங்கே ஒரு வியப்பு. பழைய சர்வருக்கே கடவுச்சொற்கள் தெரியாது! கேழ்வரகை அரைத்தால் மாவு கிடைக்கும். மாவிலிருந்து கேழ்வரகைத் திரும்பப் பெற முடியாது அல்லவா? அதுபோல, கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கில் அரைத்து, விடையை மட்டுமே சர்வர் சேமிக்கிறது. தட்டப்படும் சொல்லை மீண்டும் அரைத்து ஒப்பிடுகிறது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் விடை வேறுபடும்படி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண்ணைக் கலப்பர். இதற்குக் கணிப்பொறியாளர் இட்ட பெயர் 'உப்பு'!

ஆகவே, மாவையும் உப்பையும் அப்படியே எடுத்துச் சென்றால் போதும். ஆனால் பழைய அரைக்கும் முறை புதிய சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பயனர் புதிய கடவுச்சொல்லைத்தான் அமைக்க வேண்டும்.

அடுத்தது எண். லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் குறிப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. சென்ட் ஓஎஸ் 6-இல் பயனர் எண்கள் 500-இல் தொடங்கின. 7-இல் 1000-இல் தொடங்கின. பெயர்களை மட்டும் புதிதாகப் பதிந்தால், ஒருத்தியின் எண் மற்றொருத்திக்குப் போய்விடலாம். அப்போது ஒருத்தியின் கோப்பு வேறொருத்திக்குத் திறக்கும். எனவே பழைய எண்களையே வழங்க வேண்டும்.

மூன்றாவது கடிகாரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் முறையில், சான்று என்பது நேரம் குறித்த சீட்டு. இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சீட்டு செல்லாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காது!

எல்லாம் சரியான பிறகு, முதலில் ஓரிரு கணிப்பொறிகளைப் புதிய சர்வரிடம் கேட்கச் செய்து சோதிப்பர். பிறகே மற்றவற்றை மாற்றுவர். பழையதைச் சில நாள் காத்து வைப்பர். ஆனால் கடவுச்சொல் மாற்றங்களை ஒரே இடத்தில்தான் பதிய வேண்டும். இல்லையேல் இரண்டும் இருவேறு விடை கூறும்.

இறுதியாக, பழைய வட்டை முற்றிலும் அழிக்க வேண்டும். எல்லோருடைய மாவும் அதில்தானே இருக்கிறது! எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் உலகில் உண்டு.