மலைக்குள் காற்று வீசுமா?

வங்கக் கடற்கரையிலிருந்து திபெத்தின் லாசா வரை, 91 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நெடுக வளிமண்டலத்தை மேலிருந்து கீழாக அறுத்து, அறுத்த முகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வாளர்கள் அதைக் குறுக்குவெட்டு வரைபடம் என்பார்கள். கிடையச்சில் அட்சரேகை, செங்குத்து அச்சில் காற்றழுத்தம். அடியில் 1000 ஹெக்டோபாஸ்கல். மேலே போகப் போக எண் குறையும்.

லாசா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தரையிலேயே அழுத்தம் ஏறத்தாழ 650 ஹெக்டோபாஸ்கல்தான். ஆக, வரைபடத்தில் அதற்குக் கீழே இருப்பது முழுக்கப் பாறை. ஆனால் தரவுக் கோப்பைத் திறந்தால், அதே இடத்தில் 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் வெப்பநிலையும் காற்றின் வேகமும் இருக்கும்! ஐரோப்பிய வானிலை மையத்தின் 'இஆர்ஏ5' தொகுப்பில் 37 அழுத்த மட்டங்கள் உண்டு. தரைக்கு அடியில் போய்விடும் மட்டங்களுக்கும் கணக்குப் போட்டு நீட்டிய மதிப்புகளை அது நிரப்பித் தருகிறது. நாசாவின் 'மெர்ரா-2' அந்த இடங்களை வெறுமையாக விட்டுவிடும். இஆர்ஏ5 தரவை அப்படியே வரைந்தால் பருவக்காற்று இமயத்தைத் துளைத்துக்கொண்டு போவது போலத் தெரியும். பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

இதற்குத் தீர்வு மலையை நிறமிட்டு மறைப்பதுதான். பைத்தானின் 'மேட்பிளாட்லிப்' நிரலகத்தில் 'ஃபில்_பிட்வீன்' என்ற ஒரே கட்டளை போதும். தரைமட்ட அழுத்தக் கோட்டுக்கும் அச்சின் அடிக்கும் இடையே உள்ள பரப்பை அது நிரப்பிவிடும். மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இஆர்ஏ5 தரைமட்ட அழுத்தத்தைப் பாஸ்கலில் தருகிறது. 65,000 என்று இருப்பதை 100-ஆல் வகுத்தால்தான் அச்சோடு பொருந்தும். இல்லையென்றால் மலையே படத்தில் வராது. அடுத்து, நிறப்பட்டைகளும் காற்று அம்புகளும் வரைந்த பிறகு மலை அவற்றின் மேல் வர வேண்டும். மூன்றாவது, மலைக்குச் சாம்பல் நிறம் நல்லது. தரவின் நிற அளவுகோலில் உள்ள எந்த நிறமும் கூடாது.

உண்மையான உயர வரைபடத்தை எடுத்து ஒட்டலாமே என்று தோன்றலாம். இஆர்ஏ5 கட்டத்தின் அகலம் சுமார் 31 கிலோமீட்டர். அதில் கூர்ச்சிகரங்கள் மழுங்கி, பள்ளத்தாக்குகள் மேடேறிவிடும். அந்தக் காற்று வீசியது அந்த மழுங்கிய மலையின் மீதுதான். எனவே அதே தொகுப்பின் தரைமட்ட அழுத்தத்தையே எடுங்கள்.

ஆய்வேட்டுக்குப் படம் வரையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மலையை நிரப்புவதை அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். எதுவரை காற்று, எங்கிருந்து பாறை என்று வாசகருக்குச் சொல்வது அந்தச் சாம்பல் நிறம் மட்டுமே.