மெய்நிகர்க் கணினியை ஆளும் கட்டளைச் சொற்கள்

ஒரு தொழிற்கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்பர் இலக்கண நூலார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றல் அதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. அக்குழுவின் புறத்தார் அத்தகு சொல்லுக்குத் தம் வழக்கின்படி பொருள் கொண்டால் பிழைபடுவர். கணினித் துறையில் அப்பிழை சொல்லளவில் நில்லாது செயலிலும் விளையும். மெய்நிகர்க் கணினிக்குரிய கட்டளைகளைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

ஒரு கணினியினுள் மென்பொருளால் அமைந்த மற்றொரு கணினியே மெய்நிகர்க் கணினி. அதன் வட்டு, தாங்கும் கணினியில் பெரும்பாலும் ஒரு கோப்பாகவே இருக்கும். நினைவகம் எவ்வளவு, வட்டு யாது என்பன போன்ற வரையறைகள் வேறொரு கோப்பில் இருக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களில் இம்முறையை உருவாக்கி, 1972-இல் வி.எம்./370 என அறிவித்தனர். லினக்ஸில் 2007-இல் கே.வி.எம். இடம்பெற்றது. அதனைக் கட்டளை வரியிலிருந்து ஆளப் பலரும் கைக்கொள்வது, லிப்விர்ட் மென்பொருளோடு வரும் ‘விர்ஷ்’ என்பது.

ஒருங்குறி பரவுமுன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளைப் படிக்க, எம் துறையில் பழைய இயங்குதளம் ஒன்றை இவ்வாறு வைத்துள்ளோம். ஒருநாள் அஃது உறைந்து நின்றது. மாணவர் ஒருவர் ‘ஷட்டவுன்’ என இட்டார், பயனில்லை. அக்கட்டளை உள்ளிருக்கும் இயங்குதளத்திற்கு விடுக்கும் வேண்டுகோளே. உறைந்தது அதனைக் கேளாது. எஞ்சியவற்றுள் அவர் கண்ணிற்பட்டவை ‘டெஸ்ட்ராய்’, ‘அன்டிஃபைன்’ என இரண்டு. முன்னதற்கு அகராதிப் பொருள் அழித்தல். பின்னதற்கு வரையறை நீக்குதல். அவர் முன்னதற்கு அஞ்சிப் பின்னதை இட்டார். அகராதிவழி நின்றார்க்கு அது தகவுடைய தேர்வே.

உண்மையோ தலைகீழானது. ‘டெஸ்ட்ராய்’ என்பது மின்கம்பியைப் பிடுங்குவது போன்ற செயல். எழுதி முடியாத தரவு கெடலாம். ஆயின் வட்டுக்கோப்பும் வரையறையும் அழியா. ‘ஸ்டார்ட்’ என்றால் கணினி மீண்டும் எழும். ‘அன்டிஃபைன்’ என்பதே வரையறையைப் போக்குவது. அதனோடு ‘ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ்’ என்னும் சேர்க்கையை நின்றுபோன கணினிக்கு இட்டால், லிப்விர்ட் ஆளும் வட்டுகளும் உடன் போம். இன்னொன்றும் கருதத்தக்கது: ஓடும் கணினிக்கு இக்கட்டளையை இட்டால் அது நில்லாது. பட்டியலில் முன்போலவே தோன்றும். நின்றவுடனே பட்டியலினின்று மறைந்தொழியும். ஆதலின் மாணவர் ஒன்றும் நிகழவில்லை என்றே கருதினார்.

நல்வாய்ப்பாக அவர் அச்சேர்க்கையை இடவில்லை. கணினியும் ஓட்டத்தில் இருந்தது. ‘டம்ப்எக்ஸ்எம்எல்’ கட்டளையால் வரையறையைக் கோப்பாக எடுத்துக்கொண்டோம். பின்னர் ‘டெஸ்ட்ராய்’ இட்டு நிறுத்தி, ‘டிஃபைன்’ கட்டளையால் அவ்வரையறையை மீண்டும் பதிந்து தொடங்கினோம். ஆய்வேடுகள் தப்பின. மாணவர் முகம் தெளிய மட்டும் சற்றுக் காலமாயிற்று.

இத்தகைய இணை வேறும் உண்டு. ‘சஸ்பெண்ட்’, ‘சேவ்’ இரண்டும் இடைநிறுத்தமே. முன்னதில் நினைவகப் பொருள் நினைவகத்திலேயே தங்கும். தாங்கும் கணினியின் மின்சாரம் போனால் அதுவும் போம். பின்னது அதனைக் கோப்பில் எழுதிவிட்டே நிறுத்தும். ‘லிஸ்ட்’ என்பதும் ஓடாதவற்றைக் காட்டாது. அவற்றைக் காண ‘ஆல்’ என்பதையும் சேர்த்தல் வேண்டும். பட்டியலில் இல்லையெனக் கண்டு, உள்ள கணினியையே புதிதாக உருவாக்க முனைவாரும் உளர்.

கட்டளைகளை மொழிபெயர்த்தால் போதும் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. ‘அழி’ எனப் பெயர்த்திருப்பின் அம்மாணவர் இன்னும் மிகுதியாக அஞ்சியிருப்பார். எம் துறைக் கணினியின் அருகே இப்பொழுது ஒரு தாள் ஒட்டியுள்ளோம். அதில் ‘டெஸ்ட்ராய்’ என்பதற்கு நேரே ‘மின் பிடுங்கல், வட்டு இருக்கும்’ என்றும், ‘அன்டிஃபைன்’ என்பதற்கு நேரே ‘வரையறைக்கும் வட்டுக்கும் படியெடுத்த பின்னரே’ என்றும் எழுதியுள்ளோம்.