தரை தொட்ட பின்னர் தொடங்கும் சோதனை

இரத்தினபுரிக்கும் பலாங்கொடைக்கும் இடையேயுள்ள மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போர், வானத்தில் ஒரு சிறு விமானத்தின் இரைச்சல் கேட்டால், ஒரு கணம் கையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பது வழக்கம். லயத்து முற்றத்திலே விளையாடும் சிறுவர்களோ அது மலைக்கு அப்பால் மறையும் வரையில் அதன் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுடைய மனத்திலே இயல்பாக எழும் வினா ஒன்று உண்டு. “கீழே பள்ளத்தாக்கில் இவ்வளவு வயல்வெளி கிடக்கிறதே! அந்த விமானம் இங்கே ஒரு முறை இறங்கிவிட்டுப் போனால் என்ன?”

சிறுவர் வினாவாயினும் இது சிறு வினா அன்று. இதற்கு விடை காண வேண்டுமாயின், விமானம் பறக்கும் வித்தையைக் காட்டிலும் அது தரையிறங்கும் வித்தையையே அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வித்தையின் அருமையை நன்கு உணர்த்துவது, பழைய தலைமுறையைச் சேர்ந்த வாற்சக்கர விமானமாகும்.

1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் நாள், இரத்மலானையில் புதிதாக அமைந்த விமான நிலையத்தில் முதன்முதலாக ஒரு விமானம் வந்து இறங்கியது. மதராஸ் பிளையிங் கிளப் என்னும் விமானக் கழகத்தின் பயிற்றாசிரியரான டின்டேல்-பிஸ்கோ அதனை ஓட்டி வந்தார். அது ‘பஸ் மொத்’ என்னும் வகையைச் சேர்ந்த, ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய விமானம். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு முதல் விமானத் தபாலைக் கொண்டு வந்ததும் அவ்வகை விமானமே. அதற்கு மூக்கின் கீழே சக்கரம் கிடையாது. இறக்கைகளின் கீழே முன்புறமாக இரண்டு சக்கரங்களும், வாலின் அடியில் ஒரு சிறு தாங்கியும் இருந்தன. பின்னர் வந்த விமானங்களில் அத்தாங்கியின் இடத்தைச் சிறு சக்கரம் ஒன்று பெற்றது. ஆகவே அவை வாற்சக்கர விமானங்கள் எனப்பட்டன.

இவ்வகை விமானம் தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்தி, வாலைத் தாழ்த்தி நிற்கும். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது பயன்படுத்திய டக்கோட்டா விமானமும் இத்தகையதே. பின்புற வாயிலால் ஏறிய பிரயாணிகள், மேட்டில் ஏறுவது போலச் சாய்ந்த நடைபாதையில் ஏறித்தான் தங்கள் ஆசனங்களை அடைந்தார்கள்.

இவ்வமைப்பில் உள்ள ஆபத்து யாது? விமானத்தின் பாரமெல்லாம் திரண்டு நிற்கும் புள்ளி, முன்னே உள்ள இரு சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விமானம் நேர்வழியிலிருந்து சிறிது திரும்பிவிட்டால், சக்கரங்கள் ஒரு திசையில் தரையைப் பற்ற, பின்னாலுள்ள பாரம் பழைய திசையிலேயே போக முயலும். அம்முயற்சி திருப்பத்தை மேலும் வளர்க்கும். வளர்ந்த திருப்பம் அம்முயற்சியைப் பின்னும் வலுப்படுத்தும். மழை நனைத்த தோட்டப் பாதையில், வளைவிலே லொறியின் பின்புறம் வழுக்கி முன்புறத்தை முந்த முனைவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விமானம் இவ்வாறு தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதைத் தரைச்சுழற்சி என்பர். அவ்வேளையில் வெளிப்புறச் சக்கரத்தின் கால் முறியலாம். இறக்கை நுனி நிலத்தில் உராயலாம். இயந்திரத்தின் சுழல்விசிறி தரையில் மோதிச் சிதையலாம்.

இதற்கு மாறாக, மூக்கின் கீழே சக்கரம் உடைய விமானத்தில் பாரப்புள்ளி பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். அது கோணலாக இறங்கினாலும் அதன் பாரமே அதனை நேர்வழிக்கு இழுத்துவிடும். விரலிடையே பிடித்துத் தொங்கவிட்ட குச்சி ஆடினாலும் தானே நேராகிவிடுகிறது. அதே குச்சியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தினாலோ, கணந்தோறும் கையை அசைத்துக் காக்க வேண்டும். மூக்குச்சக்கர விமானம் தொங்கும் குச்சி. வாற்சக்கர விமானம் உள்ளங்கையில் நிற்கும் குச்சி.

ஆதலால் வாற்சக்கர விமானத்தின் விமானிக்குக் கைகளைப் போலவே கால்களும் விழிப்பாக இருத்தல் வேண்டும். வாலில் உள்ள சுக்கானை இயக்குபவை அவனுடைய காலடியிலுள்ள மிதிகளே. மூக்கு இம்மியளவு திரும்பும்போதே எதிர்ப்புற மிதியைச் சிறிது அழுத்தி, உடனே விட்டுவிட வேண்டும். பிழை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்வரை காத்திருப்பவன் காலங் கடந்தவனாவான். பெரிய பிழையைப் பெரிய மிதியால் திருத்த முற்படுபவனோ மறுபுறச் சுழற்சியில் சிக்குவான். 1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் உருவான இலங்கை அரச விமானப்படை பெற்ற முதற் பயிற்சி விமானங்களான ‘சிப்மங்க்’ விமானங்களும் வாற்சக்கரம் உடையவை. அவற்றிலே பழகிய இளைஞர்கள் கற்க வேண்டியிருந்த முதற் பாடங்களில் இதுவும் ஒன்று.

தரையைத் தொடுவதற்கு இரு முறைகள் உண்டு. மூன்று சக்கரங்களும் ஒருங்கே தரையைத் தொடுமாறு இறக்குவது ஒன்று. இறக்கைகளின் தூக்குவிசை தீர்ந்துபோகும் தறுவாயில், மிகக் குறைந்த வேகத்தில், மெல்ல அமர்வது அது. ஆனால் அந்நிலையில் உயர்ந்த மூக்கு முன்வழியை மறைப்பதால், விமானி இருபுறமும் ஓடுபாதையின் ஓரங்களைப் பார்த்தே வழியை உணர வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் முதலில் தொடச்செய்து, வாலை உயர்த்தியவாறே ஓடவிட்டு, வேகம் தணிந்தபின் வாலை இறக்குவது மற்றொன்று. இதில் முன்வழி நன்கு தெரியும். எனினும் வேகம் அதிகம். எம்முறையிலும் முன்சக்கரங்கள் ஓங்கி மோதினால், பின்னுள்ள பாரம் வாலைக் கீழே அழுத்தும். அதனால் இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் பெருகி, விமானம் பந்துபோல மீண்டும் மேலெழும். எழுந்த விமானத்துக்கு வேகமும் இராது, உயரமும் இராது. அடுத்த வீழ்ச்சி முன்னையதிலும் கடுமையாகும்.

இனிக் காற்றின் செயலை நோக்குவோம். முற்காலத்து விமானத்திடல்கள் பரந்த புல்வெளிகளாக இருந்தன. காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் அதனை நேருக்கு நேர் எதிர்த்து இறங்க முடிந்தது. ஈரப் புல்லும் சக்கரம் சிறிது வழுக்க இடங்கொடுத்ததால், சுழற்சியின் வேகமும் தணிந்தது. ஒரே திசையில் நீண்ட தார்ப்பாதைகள் வந்த பின்னரோ, குறுக்குக் காற்றிலும் இறங்க வேண்டியதாயிற்று. பக்கக் காற்று நிமிர்ந்த வாலைத் தள்ள, விமானம் காற்றுத்திசைகாட்டிச் சேவல்போலக் காற்றை நோக்கித் திரும்ப முயலும். எனவே காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, எதிர்ப்புறச் சுக்கானால் மூக்கை நேராக்கி, அப்பக்கச் சக்கரத்தை முதலில் தொடச்செய்வர்.

தரையைத் தொட்டதும் ஆபத்து நீங்கியது என்று மகிழ்தல் பேதைமை. வேகம் குறையக் குறையச் சுக்கானைத் தழுவிச் செல்லும் காற்றும் குறைகிறது. அதன் ஆற்றலும் மங்குகிறது. அப்போது இடது, வலது சக்கரத் தடைகளை வேண்டிய அளவு தனித்தனியே பயன்படுத்தி நேர்வழி காக்க வேண்டும். தடையை மிகுதியாக அழுத்தினாலோ வால் உயர்ந்து மூக்குக் குத்திவிடும். டக்கோட்டாவில் வாற்சக்கரம் திரும்பாதபடி பூட்டும் ஓர் அமைப்பும் உண்டு. விமானம் முற்றாக நிற்கும்வரை தரையிறக்கம் முடியவில்லை என்பதே வாற்சக்கர விமானிகளின் நெறி.

அந்நெறிக்குத் துணையான மற்றொரு நெறியும் உண்டு. அணுகும் வேகம் பிழையாயினும், காற்று முரண்பட்டாலும், விமானம் துள்ளி எழுந்தாலும், இயந்திரத்துக்கு முழுவிசை கொடுத்து மேலெழுந்து, ஒரு வட்டமிட்டு, மறுபடியும் முயல வேண்டும். இவ்வாறு திரும்பிப் போவது தோல்வியன்று; அதுவே அறிவுடைமை. தவறிய இறக்கத்தை எப்படியும் முடித்துவிடுவோம் என்னும் பிடிவாதமே உயிருக்கு உலையாகிறது.

இப்பொழுது தோட்டத்துச் சிறுவரின் வினாவுக்குத் திரும்பலாம். மேலிருந்து பார்க்கும்போது பள்ளத்தாக்கு வயல் பச்சைக் கம்பளமாகத் தோன்றும். ஆயினும் அதில் குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு வரப்பும் சக்கரத்தைத் தடுக்கும் படிக்கட்டு. சேறோ சக்கரத்தை விழுங்கி விமானத்தைக் குப்புறக் கவிழ்க்க வல்லது. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் காய்ந்த நிலம் எந்நாளும் வாய்ப்பதில்லை. பகலில் வெயிலேறச் சரிவு வழியே காற்று மேலெழும். இரவில் குளிர்ந்த காற்று கீழிறங்கும். மலைமுகட்டைக் கடந்து வரும் காற்று மறுபுறத்தில் விமானத்தையும் கீழே அமுக்கும். உச்சியில் வீசும் காற்று ஒன்று, இறப்பர் மரங்களின் மட்டத்தில் வீசும் காற்று வேறொன்று.

எல்லாவற்றினும் மேலான தடை வேறு. இறக்கம் தவறினால் முழுவிசையுடன் எழுந்து திரும்ப, முன்னே திறந்த வெளி வேண்டும். மூன்று புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கிலே, விமானம் ஏறும் வேகத்தைவிட மலை விரைவாக ஏறிவிடுகிறது. 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், சிறு விமானத்தின் இயந்திரவலு எம்மட்டு? விமானத்துக்கு இறங்க இடம் இருந்தால் மட்டும் போதாது. இறங்காமல் திரும்பிப் போகவும் இடம் வேண்டும். கடலோரத்துச் சமநிலமாகிய இரத்மலானைக்கு வாய்த்ததும், கேகாலை, இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளுக்கு வாய்க்காததும் அதுவே.

இன்று பயிற்சி விமானங்களிற் பெரும்பாலானவை மூக்குச்சக்கரம் உடையவை. ஆயினும் வாற்சக்கரம் முற்றாக மறைந்துவிடவில்லை. கரடுமுரடான நிலத்தைத் தாங்கும் உறுதியும், சுழல்விசிறியைக் கல்லுக்கும் புல்லுக்கும் எட்டாதபடி உயர்த்திவைக்கும் வசதியும் அதற்கு உண்டு. அலாஸ்கா போன்ற காட்டுப் பிரதேசங்களில் இன்றும் அது விரும்பப்படுகிறது.

இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் டக்கோட்டா முதலிய பழைய விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தோட்டப் பாடசாலை மாணவர் கொழும்புக்குச் சுற்றுலா செல்லும்போது அங்கும் சென்று வருவது நன்று. பளபளக்கும் இறக்கைகளைப் பார்த்தபின், வாலின் அடியிலுள்ள அச்சிறு சக்கரத்தையும் அவர்கள் குனிந்து பார்க்கட்டும். சிறு பிழையைச் சிறிதாக இருக்கும்போதே திருத்து என்று ஒரு தலைமுறை விமானிகளுக்குக் கற்பித்த ஆசான் அதுவே.