கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்

எஞ்சினைத் தொடாமல் ஒரு பாய்மரப் படகை ஜெட்டியிலிருந்து எப்படி வெளியே எடுப்பது? இதைக் கேட்டால் பெரும்பாலோர் பாயை ஏற்றுவதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் நங்கூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் டீ இன்னும் சூடாக இருக்கிறது.

1895 ஏப்ரல் 24 அன்று ஜோஷுவா ஸ்லோகம் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவர பாஸ்டனிலிருந்து கிளம்பினார். அவருடைய 'ஸ்ப்ரே' 37 அடிக்குச் சற்றுக் குறைவான படகு. எஞ்சின் கிடையாது. நண்பகலில் நங்கூரத்தைத் தூக்கினார், பாய் விரித்தார், போய்விட்டார். அந்தப் புறப்பாட்டில் அவருக்குச் சிரமம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்து குளோஸ்டர் துறைக்குள் தனியாக நுழைந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. படகு மேடையில் மோதி உடையப்போகிறது என்று வயதான மீனவர்கள் ஓடிவந்தார்களாம்.

நங்கூரத்திலிருந்து கிளம்புவது ஏன் சுலபம்? நீரோட்டம் பலமாக இல்லையென்றால், அணியத்தில், அதாவது முன்முனையில், கட்டுண்ட படகு தானாகவே காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் படகில் பாய் படபடக்கும், இழுக்காது. ஆகவே பதற்றமில்லாமல் ஏற்றலாம், பிடிக்கவில்லையென்றால் இறக்கலாம். சுற்றிலும் இடமும் இருக்கிறது. ஜெட்டியில் இந்த வசதி இல்லை. படகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கான்கிரீட் முடிவு செய்துவிட்டது, காற்று அதைக் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. எனவே வேலையெல்லாம் ஒன்றுதான்: ஜெட்டியில் நிற்கும் படகை, முடிந்த அளவுக்கு, நங்கூரத்தில் நிற்கும் படகின் நிலைக்குக் கொண்டுவருவது.

அதற்கு முன் சுக்கானைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் அதன் மீது ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை. நின்றுகொண்டிருக்கும் சைக்கிளின் ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் சைக்கிள் எங்கும் போகாது அல்லவா, அதே கதை. படகின் அடியில் இருக்கும் ஏராவும் அப்படித்தான். வேகம் வந்த பிறகுதான் அது தண்ணீரைக் கவ்வி, படகு பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்கும். அதாவது, கயிற்றை அவிழ்த்த முதல் சில மீட்டர்களுக்கு உங்களிடம் சுக்கானும் இல்லை, ஏராவும் இல்லை. பாயும் கயிறும்தான் படகைத் திருப்ப வேண்டும்.

அவை நன்றாகவே திருப்பும். பாய்மரத்துக்கு முன்னால் இருக்கும் சிறிய பாய் அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளும். பின்னால் இருக்கும் பெரிய பாய் அமரத்தை, அதாவது பின்முனையை, தள்ளி, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் மீதியை நீங்களே யோசித்துக் கண்டுபிடிக்கலாம்.

காற்று நேர் முன்னாலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெட்டி படகின் வலப்பக்கம். கட்டியிருக்கும்போதே பெரிய பாயை ஏற்றிவிடலாம். தாமான் கயிறு, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, தளர்ந்திருக்க வேண்டும். அமரத்திலிருந்து முன்னோக்கிப் போய் ஜெட்டியில் ஒரு கட்டுத்தூணைச் சுற்றித் திரும்பிவரும் கயிறு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அவிழுங்கள். அதன் இரண்டு நுனிகளும் உங்கள் கையில் இருக்கும். ஒன்றை விட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும், நுனியில் முடிச்சு மட்டும் இருக்கக் கூடாது. இப்போது முன்பாயை ஏற்றி, அதன் பின்மூலையை ஜெட்டிப் பக்கமாக, வேண்டுமென்றே தப்பான பக்கத்தில், பிடியுங்கள். காற்று அதில் மோதி அணியத்தை இடப்பக்கம் தள்ளும். பின்னால் நழுவப் பார்க்கும் படகை அமரக் கயிறு தடுப்பதால் அணியம் இன்னும் அகலமாகத் திறக்கும். அமரம் ஜெட்டியில் உரசும், அங்கே ஒரு டயரைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். காற்றுக்கு 50 பாகை வாக்கில் விலகியதும் முன்பாயை மறுபக்கம் மாற்றி, கயிற்றை உருவி, பெரிய பாயை மெல்ல இழுங்கள்.

மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். பயத்தில் பாயை இறுக்கிக் கட்டி, உடனே காற்றுக்கு எதிராக ஏறப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வேகமே இல்லாத படகு அப்படியே பக்கவாட்டில் வழுக்கிப்போய் அடுத்த படகின் மேல் சாயும். முதலில் தாராளமாக ஓடவிட வேண்டும், ஏறுவது அதற்கப்புறம்.

காற்று ஜெட்டியிலிருந்து கடலை நோக்கி வீசினால் கவலையே இல்லை. அணியக் கயிற்றை விட்டால் காற்றே அணியத்தை வெளியே தள்ளிவிடும்.

பின்னாலிருந்து வீசும் காற்றுதான் ஏமாற்றும். போக வேண்டிய திசையிலேயே தள்ளுகிறதே என்று தோன்றும். ஆனால் பெரிய பாயை ஏற்றினால் அது பாதியிலேயே உப்பி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அதனால் முன்பாயை மட்டும் விரித்துக் கிளம்பி, இடம் கிடைத்ததும் காற்றைப் பார்த்துத் திரும்பி பெரிய பாயை ஏற்ற வேண்டும். இல்லையென்றால், என் பார்வையில் இதுவே மேல், கட்டியிருக்கும்போதே கயிறுகளைப் பிடித்துப் படகை முன்பின்னாகத் திருப்பிவிடலாம். 25 அடிப் படகை இரண்டு பேர் இழுத்துத் திருப்பிவிடுவார்கள்.

காற்று படகை ஜெட்டியோடு அழுத்தினால் எந்தப் பாயும் உதவாது. விரிக்க விரிக்க மேடையோடு இன்னும் ஒட்டும். அப்போது சிறு துடுப்புப் படகில் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு காற்று வரும் திசையில் தூரமாகப் போய்ப் போட்டுவிட்டு வந்து, அந்தக் கயிற்றை அணியத்திலிருந்து இழுத்துப் படகை வெளியே கொண்டுபோக வேண்டும். மேடையை விட்டு நகர்ந்ததும் அது காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். பாஸ்டனில் ஸ்லோகம் நின்ற அதே நிலை.

ஓடும் தண்ணீரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓட்டம் முன்னாலிருந்து வந்தால், கட்டியிருக்கும் படகிலும் சுக்கானுக்கு உயிர் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் ஏற்கெனவே அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. சுக்கானை லேசாகத் திருப்பினாலே அணியம் வெளியே போகும். பின்னாலிருந்து வந்தால் இந்த வசதி போச்சு.

எஞ்சினே வைக்காமல் 'செராஃபின்', 'டாலிசின்' என்ற இரண்டு படகுகளில் பல்லாண்டுகள் உலகக் கடல்களில் திரிந்த லின், லாரி பார்டி தம்பதி ஒரு நீண்ட துடுப்பையும் கூடவே வைத்திருந்தார்கள். காற்றே இல்லாத நேரத்தில் அமரத்தில் நின்று அதை இடவலமாக அசைத்தே படகை நகர்த்துவார்கள். பாயை நம்புகிறவர்கள் பாயை மட்டுமே நம்புவதில்லை. கயிற்றை அவிழ்க்கும்போது அணியத்தில் நங்கூரமும் போடத் தயாராக இருக்க வேண்டும். நினைத்தபடி நடக்காவிட்டால் பிரேக் அது ஒன்றுதான். இன்று நெரிசலான மரீனாக்கள் பலவற்றில் உள்ளே பாய் விரிக்க அனுமதியில்லை. அங்கே துடுப்பாலோ இன்னொரு படகின் இழுவையாலோ வெளியே மிதக்கும் ஒரு மிதவைவரை போய்க் கட்டிக்கொண்டு, அங்கிருந்து பாயை ஏற்றுகிறார்கள்.