பாசியைப் பெயர்க்க எத்தனை பார்?

செம்பவாங் கப்பல் பட்டறைப் பக்கம் தண்ணீர் ஒரு வெட்டுக்கருவி. உலர்துறையில் ஏறி நிற்கும் கப்பலின் அடிப்பாகத்தில் பல ஆண்டுகளாகப் படிந்த கொட்டலசையும் பழைய பெயின்டையும் உரிக்க 2,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஜெட் அடிப்பார்கள். அந்த நீர் முனையைவிட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 600 மீட்டருக்கும் அதிகம். காற்றில் ஒலி போகும் வேகத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கிருந்து சற்றுத் தள்ளி, தரைவீட்டுக்காரர் ஒருவர் பொங்கல் வருகிறதே என்று கார் போர்ச்சைக் கழுவ 110 பார் இயந்திரத்தோடு நிற்பார். இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றுதான். ஆனால் பட்டறைக்குப் பொருந்தும் யோசனை போர்ச்சுக்குப் பொருந்தாது. இது புரியாமல்தான் பலர் கடையில் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட பார் எண்ணைப் பார்த்து இயந்திரத்தைத் தூக்கி வருகிறார்கள்.

பட்டறைக்காரர்களுக்கும் இந்த முறை பிந்தித்தான் வந்தது. 1938 பிப்ரவரி 14-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை இங்கே திறக்கப்பட்டபோது துருவெடுப்பு என்றால் சுத்தியல், சுரண்டி, கம்பி பிரஷ். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் நிறைய. 1968-ல் அந்தத் தளத்தின் கப்பல்துறைப் பகுதி செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. கப்பல் துறையில் மணலும் தாமிரக் கசடும் பீய்ச்சித் துருவெடுத்த காலமும் உண்டு. அதில் தூசி பெரும்பாடு. நீரில் அந்தத் தூசி இல்லை. கப்பல் பூச்சுத் துறையின் தரநிலை 340 பாருக்குக் கீழே உள்ளதை வெறும் தாழ் அழுத்தக் கழுவல் என்றுதான் சொல்கிறது. 2,100 பாரைத் தாண்டினால்தான் அதற்கு மிகை உயர் அழுத்தம் என்று பெயர். நம் வீட்டு இயந்திரம் அந்த ஏணியின் முதல் படியிலேயே இருக்கிறது. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. நாம் உரிக்கப்போவது பெயின்டை அல்லவே.

போர்ச்சில் வழுக்குகிற அந்தக் கறுப்பு, பச்சைப் படலம் பெரும்பாலும் உயிருள்ள பொருள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆண்டில் கிட்டத்தட்ட 170 நாள் மழை நாள். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். பாசிக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. தாவரவியலாளர் வீ யோ சின்னும் உடன் ஆய்வாளரும் சிங்கப்பூர்க் கட்டடப் பரப்புகளில் பெருகும் பாசிகளைப் பற்றி 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். சுவரில் செம்பழுப்பாகத் திட்டுத்திட்டாகப் படர்கிறதே, பலர் துருக்கறை என்று நினைப்பார்கள், அது டிரென்டெபோலியா என்ற பச்சைப் பாசி. கரோட்டின் நிறமி மிகுந்திருப்பதால் அதன் பச்சை வெளியே தெரிவதில்லை. தரையில் கறுத்துக் கிடப்பவற்றில் பெரும்பங்கு நீலப்பச்சைப் பாசிகள். இவை தம்மைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான பிசினைச் சுரந்து, அதற்குள் குடியிருக்கின்றன. வெயிலில் அந்தப் பிசின் காய்ந்து தரையோடு இறுகும். நனைந்தால் ஊதி, வழவழத்து, பிடி தளரும். நம்மைச் சறுக்கவைப்பதும் அதுதான். கழுவுகிறவருக்குக் கைகொடுப்பதும் அதுதான்.

ஹென்கெல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் சுத்தம் செய்வதை நான்கு பங்குகளாகப் பிரித்தார்: வேதிப்பொருள், உராய்வு அல்லது மோதல், வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். வீட்டு இயந்திரத்தில் வெந்நீர் கிடையாது. அதனால் எஞ்சின் ஆயில் கறையின் முன் அது தோற்றுத்தான் போகும். கொழுப்பு நீக்கும் சோப்பும் பிரஷும் இல்லாமல் வெறும் குளிர்நீரை எவ்வளவு அடித்தாலும் எண்ணெய் பரவுமே தவிரப் போகாது. பாசி விஷயத்தில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் பங்கு நேரம். தரையைச் சாதாரணமாக நனைத்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்தால், அதே படலத்தைக் குறைந்த விசையிலேயே எடுத்துவிடலாம். பொறுமை இல்லாதவர்தான் முனையைத் தரைக்கு அருகே கொண்டுபோகிறார்.

அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது. இங்குள்ள பழைய தரைவீடுகளின் போர்ச்சிலும் பின்முற்றத்திலும் பெப்பிள் வாஷ் தரை அதிகம். சிமென்ட்டில் பதித்த சிறு கூழாங்கற்கள் மேலே தெரியும்படி கழுவி விடுவார்களே, அது. இந்தத் தரையைக் குனிந்து பாருங்கள். பல கற்களின் ஒரு பகுதி மட்டுமே சிமென்ட்டுக்குள் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஜெட் பட்டால், கல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சிமென்ட் விளிம்பு முதலில் கரையும், பிறகு கல் துள்ளும். ஒரு கல் போன குழியின் ஓரத்தில் அடுத்த கல்லுக்குப் பிடிமானம் குறைவு. சாதாரண கான்கிரீட்டிலும் இதே கதைதான்: மேலே இருக்கும் வழுவழுப்பான சிமென்ட் தோல் உரிந்து மணல் வெளியே வரும். அன்று மாலை தரை பளிச்சென்று இருக்கும். ஆனால் சொரசொரப்பில் நீர் தங்கும், தூசி தங்கும், வித்து தங்கும். பாசிக்கு வயலை உழுது கொடுத்த மாதிரி. போன ஆண்டைவிட இந்த ஆண்டு சீக்கிரம் பச்சை பிடிக்கிறதே என்று புலம்புபவர்கள் மழையைக் குறை சொல்வதற்கு முன் தங்கள் முனையை விசாரிக்கலாம்.

இயந்திரத்துக்கு வருவோம். மின்மோட்டார், ஒரு சாய்வுத் தட்டு, அது மாறி மாறித் தள்ளும் மூன்று பிஸ்டன்கள்: பெரும்பாலான வீட்டு இயந்திரங்களின் உள்ளே இருப்பது இவ்வளவுதான். ஜெர்மனியின் வின்னென்டன் நகரைச் சேர்ந்த கார்ஷர் 1950-ல் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவியைச் செய்தது. வீட்டுக்காரர் கையில் தூக்கக்கூடிய இயந்திரம் 1984-ல்தான் அதனிடமிருந்து வந்தது. இன்று கடையில் பல பெயர்களில் கிடைக்கின்றன. பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று பார். அதிலும் ‘அதிகபட்சம் 150’ என்பது பம்பு தாங்கும் எல்லை; வேலை செய்யும்போது கிடைப்பது 110 போலத்தான் இருக்கும், சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டாவது எண், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. அதைப் பார்ப்பவர்கள் குறைவு.

இரண்டையும் பெருக்கினால்தான் நீரின் உண்மையான பலம் தெரியும். 150 பாரில் 5 லிட்டர் தரும் இயந்திரமும் 110 பாரில் 7 லிட்டர் தரும் இயந்திரமும் ஏறத்தாழ 1,250 வாட் அளவிலேயே நிற்கின்றன. முதலாவது கூர்மையாகக் குத்தும். இரண்டாவது பெயர்த்ததைத் தள்ளிக்கொண்டும் போகும். போர்ச்சுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 3,000 வாட்டுக்கு மேல் தராது. ஆகவே அந்தப் பிளக்கில் ஓடும் எந்த இயந்திரமும் இந்தக் கூரையைத் தாண்ட முடியாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ளது மலிவு, எடை குறைவு, இரைச்சல் அதிகம். இன்டக்‌ஷன் மோட்டார் கனம். ஆனால் நீண்ட நாள் உழைக்கும், பக்கத்து வீட்டாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முறைக்கமாட்டார்கள்.

முனைகளின் நிறம் அலங்காரத்துக்கு அல்ல. பல இயந்திரங்களில் சிவப்பு என்றால் விரியாத ஒற்றைக் கம்பி நீர், மஞ்சள் 15 பாகை, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். பச்சை முனையைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் நீர் சுமார் 13 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும். 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது நாலரைக்கும் குறைவு. அதே விசை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் விழுகிறது. இத்தனைக்கும் மொத்த விசை அதிகமில்லை: 110 பார், 6 லிட்டர் என்றால் கையில் உணரும் உதைப்பு ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பாயும் நீர், அந்த ஒன்றரைக் கிலோவைக் கோடு போல ஒரு சின்ன இடத்தில் இறக்குவதில்தான் வித்தை. சுழல் முனை இன்னும் ஒரு படி மேலே: நீர் ஓர் இடத்தை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் புதிதாக மோதும், தொடர்ந்து பாய்வதைவிட அது பலமாக இடிக்கும். முரட்டுக் கான்கிரீட்டுக்கு அது சரி. பெப்பிள் வாஷிலும் மரத் தளத்திலும் கூடாது. மரத்தில் நார் நாராகக் கிளம்பிவிடும்.

பெரிய போர்ச் என்றால் வட்டத் தட்டு வடிவில் வரும் தரைக் கழுவியைத் தனியாக வாங்குவது நல்லது. மூடிக்குள்ளே இரண்டு முனைகள் சுழலும். தூரம் மாறவே மாறாது. அதனால் கையால் அடித்தால் தெரியும் வரிவரியான கோடுகள் விழாது, சேறும் சுவரில் தெறிக்காது. இயந்திரத்தின் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பாசி மறுபடி வராமல் இருக்க வேண்டுமானால், பெயர்த்தால் போதாது, கொல்ல வேண்டும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஒளிந்திருப்பதை ஜெட் தொடாது. பிளீச்சில் நிறைய நீர் கலந்து பிரஷால் தேய்த்துச் சிறிது நேரம் விடுவது பழைய வழி. அதை இயந்திரத்தின் வழியே அனுப்பினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெடும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டல்ல. இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் வெவ்வேறு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. வாசலோரக் கால்வாயில் ஓடும் பிளீச் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் மீன்களைச் சேரும். கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள், மழைக்கு முன் வேண்டாம். பல வீடுகளில் பாசி பிடிப்பது ஏர்கான் குழாய் சொட்டும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்குத்தான். குழாயை நீட்டி வடிகாலில் விட்டாலே பாதி வேலை மிச்சம்.

ஆபத்து இரண்டு. ஈரத்தில் மின்சாரம் முதலாவது. 1985-க்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இருந்தது. எல்லா வீடுகளிலும் அது இருந்தாக வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்து, அவகாசமும் 2025 ஜூலை 1-ல் முடிந்துவிட்டது. மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரண்டாவது ஆபத்து முனையிலேயே இருக்கிறது. செருப்புக் காலைக் கழுவ ஜெட்டைத் திருப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. தோலைத் துளைத்து நீரும் அழுக்கும் உள்ளே போனால் வெளியே ஊசிக்குத்து அளவுதான் தெரியும்; உள்ளே திசு அழுகத் தொடங்கலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. பட்டறையில் ஜெட் அடிப்பவர் முகக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் போட்டுத்தான் நிற்கிறார். வீட்டில் மூடிய காலணியாவது போடலாம்.

தண்ணீர்க் கணக்கு பார்ப்பவர்களுக்கு: நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 360 லிட்டர். சிங்கப்பூரர் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குப் பயன்படுத்துவது சுமார் 140 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. ஒரு மணி நேரக் கழுவலுக்கு 1 வெள்ளி 17 காசு ஆகும். சாதாரண ரப்பர் குழாய் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் அதே நேரத்துக்கு இரண்டரை மடங்கு செலவு, பாசியும் அப்படியே இருக்கும். வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, நகர மன்றம் ஆள் விட்டுக் கீழ்த்தளத்தைக் கழுவிவிடும். தரைவீட்டுக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை தேவைப்படும் ஒன்றை வீட்டுக்கு வீடு வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பதைவிட, ஒரே வரிசையில் நாலு வீடு சேர்ந்து நல்ல இன்டக்‌ஷன் மோட்டார் இயந்திரம் ஒன்றை வாங்கலாம்.

கழுவி முடித்ததும் குழாயை அடைத்து, சுவிட்சை அணைத்து, கைப்பிடியின் விசையை ஒரு முறை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பிறகு பள்ளங்களில் தேங்கிய நீரை ரப்பர் துடைப்பத்தால் வடிகாலுக்குத் தள்ளிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி பூந்தொட்டித் தட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை.