அடுப்படியில் தொடங்கும் சிக்கனம்

மாதத்தின் முதல் வாரத்தில் கனத்திருக்கும் பணப்பை, மூன்றாவது வாரத்திற்குள் இளைத்துப் போவதைக் காணாத இல்லம் அரிது. வாடகைக்கு எவ்வளவு, பள்ளிக் கட்டணத்திற்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் எவரும் உடனே சொல்லிவிடுவர். எஞ்சிய தொகை எங்கே போயிற்று என்று கேட்டால்தான் வாப்பா உம்மாவைப் பார்ப்பார். உம்மா அடுப்படியைப் பார்ப்பார். அந்த அடுப்படிக்குள்தான், அன்பு வாசகர்களே, இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். சிக்கனம் என்று முடிவெடுத்தவுடன் நம் வீடுகளில் முதலில் குறைவது எது தெரியுமா? இல்லத்தரசியின் தட்டில் விழ வேண்டிய மீன் துண்டு! குடும்பத் தலைவரின் தேநீர்க்கடைச் செலவு குறைவதில்லை. பிள்ளைகளின் தின்பண்டமும் குறைவதில்லை. எல்லோரும் உண்டபின் சட்டியை வழித்து உண்பவளின் பங்கு மட்டும் சத்தமின்றிக் குறைந்துவிடுகிறது. இது சிக்கனமன்று, அநீதி. அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் துணைவியார் ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் வீட்டுச் செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் போதுமானதை, நியாயமான அளவில், கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. புகாரி ஷரீஃபில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. திருமறையின் அல்ஃபுர்கான் அத்தியாயமும், வீண் விரயம் செய்யாமலும் உலோபம் செய்யாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களையே நல்லடியார்கள் என்கிறது. ஆகவே வயிற்றில் கை வைக்காமல், வீணாவதில் மட்டும் கை வைப்போம்.

முதலில் அடுப்பு. ஒரு முறை கொதி வந்துவிட்ட தண்ணீர், தீயை எவ்வளவு தூண்டினாலும் அதற்குமேல் சூடேறுவதில்லை. அதிகப்படியான தீ ஆவியாகத்தான் போகிறது. கொதி வந்தவுடன் தீயைத் தணித்து, பாத்திரத்தை மூடிவைத்தால் சோறு அதே நேரத்தில்தான் வேகும். எரிவாயு மட்டும் மிஞ்சும். கொண்டைக்கடலையையும் மொச்சையையும் முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். அரிசியை அரைமணி நேரமாவது ஊறவையுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் மாட்டிய தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தது ஆணம். நம் வீட்டுக் கணக்கில் பெரும்பகுதியை விழுங்குவது இறைச்சிதான் என்பதை மறுப்பவர் உண்டோ? இறைச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப் போவதில்லை! ஆனால் அரைக் கிலோவைத் தனித்து வறுத்தால் நான்கு பேருக்குக் காணாது. அதே இறைச்சியோடு சுரைக்காயோ உருளைக்கிழங்கோ சேர்த்து ஆணம் காய்ச்சினால் எட்டுப் பேர் உண்ணலாம். எலும்போடு பருப்பையும் கத்தரிக்காயையும் சேர்த்துத் தால்ச்சா செய்தவர்கள் இந்தக் கணக்கை நன்கறிந்தவர்களே. மதீனாவில் ஒரு தையற்காரர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அந்த எளிய விருந்தில் இருந்தவை வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் கலந்த ஆணமும்தான். தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளை அவர்கள் தேடி எடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் சுரைக்காயை விரும்பலானார்கள். அபூதர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அறிவுரையையும் நினைவுகூருங்கள்: ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. தண்ணீரைக் கூட்டச் சொன்னது நமக்கு மிச்சம் பிடிக்க அல்ல, அடுத்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போவதற்காக!

பலசரக்குக் கடையில் நாம் இழப்பது பெரும்பாலும் சிறு பொட்டலங்களில்தான். புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி மாதங்களில் புதுப்புளி வந்து இறங்கும், விலையும் இறங்கும். அப்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிக் கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, உப்பிட்டுப் பானையில் அடக்கிவைத்தவர்கள் நம் மூத்த தலைமுறைப் பெண்கள். மிளகாயும் மல்லியும் அப்படியே. இன்றோ நூறு கிராம் புளியை மாதத்தில் நான்கு முறை வாங்குகிறோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் உறைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கிவைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இறைவன் மீதுள்ள நம்பிக்கைக்கு இத்தகைய சேமிப்பு முரணன்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் ஒன்று: மொத்தமாக வாங்கிய பொருளில் வண்டு விழ விட்டால் அதுவும் விரயமே. கைக்கு அடங்குமளவு மட்டும் வாங்குங்கள்.

தண்ணீர் லாரிக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் ஊர்களில் நீரும் செலவுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய், ஒரு நாளில் 86,400 துளிகளைச் சிந்துகிறது. நான்கு லிட்டருக்குக் குறையாது. அதைத் தடுக்கச் சில ரூபாய் விலையுள்ள ரப்பர் வளையம் ஒன்று போதும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். அது முக்கால் லிட்டருக்கும் உட்பட்டதே. நாமோ குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவி முடிப்பதற்குள் ஒரு வாளியைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு செம்பில் நீரெடுத்து உளூச் செய்து பாருங்கள், எவ்வளவு மிஞ்சுகிறதென்று!

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் சுழன்றால் மாதம் 36 யூனிட். புதிய வகை விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன. அதே வேலைக்கு 15 யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் நன்றாக ஓடும் விசிறியை இதற்காகக் கழற்றி எறிய வேண்டாம். பழுதாகும்போது மாற்றினால் போதும்.

ரமலானைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. பகலெல்லாம் உண்ணாதிருக்கும் மாதத்தில் உணவுச் செலவு குறையத்தானே வேண்டும்? நம் வீடுகளில் அது ஏறுகிறது! அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி ஒரு மஹல்லாவையே பசியாற்றும்போது, அதனருகே எண்ணெயில் மிதந்து வந்த ஐந்து வகைப் பலகாரங்கள் எதற்கு? ரமலான் கணக்கை மற்ற மாதக் கணக்கின் பக்கத்தில் எழுதிவைத்து ஒருமுறை பாருங்கள். பெருநாள் துணிக்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்களில் அந்த எண்ணெய்க்காசு எவ்வளவு உதவியிருக்கும் என்பது தெரியவரும்.

என் நன்னிமா, உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து பிஸ்மி சொல்லி ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டாலும் இரு வேளைக்கு 80 கிராம்; மாதம் 2 கிலோ 400 கிராம் ஆகிறது. உலையில் அது குறைந்ததை எங்களில் எவரும் அறிந்ததில்லை. மாத முடிவில் மத்ரஸாவிலிருந்து வந்து அதை எடுத்துச் செல்வார்கள். ஒரு மழைக்காலத்தில், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பணம் இரண்டு மாதமாக வரவில்லை. அரிசிப் பானை ஒழிந்துவிட்டது. ஆயினும் நன்னிமா அந்தக் கலயத்தைத் தொடவில்லை. அது கொடுத்தாகிவிட்ட அரிசி என்றார். அதைப் பெற்றுக்கொள்ள வந்த ஹஜ்ரத், புகையாத அடுப்பைப் பார்த்தார். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, இம்மாதம் மத்ரஸாவின் பங்கு இந்த வீட்டுக்கே சேர வேண்டியது என்று சொல்லிக் கலயத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு எங்கள் வீட்டில் கஞ்சி கொதித்தது. உலையில் இடுமுன் நன்னிமா அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டார்.