அடுத்தவர் சொல்லி நீங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்

"சார், பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கேஒய்சி இன்னையோட முடியுது. இப்ப ஒரு மெசேஜ் வரும். அதை அப்படியே நாங்க சொல்ற நம்பருக்கு அனுப்பிடுங்க, போதும்."

ஓடிபி கேட்கவில்லை, பின் எண் கேட்கவில்லை. ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், உங்கள் எண்ணிலிருந்து போகும் எஸ்எம்எஸ் உங்கள் கையெழுத்துக்குச் சமம்.

மோசடி நடப்பது எப்படி?

யுபிஐ செயலியை முதன்முதலாகத் தொடங்கும்போது, உங்கள் போனிலிருந்து புரியாத எழுத்துகள் கொண்ட ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போகும். அது எந்த எண்ணிலிருந்து வருகிறதோ, அந்த எண்ணுக்குரியவரின் போன் இதுதான் என்று செயலி பதிந்துகொள்ளும். மோசடிக்காரர் தன் போனில் செயலியைத் தொடங்கி, அந்த எழுத்துகளை உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் அதை அவர் சொல்லும் எண்ணுக்கு அனுப்பினால், அவர் போன் உங்கள் எண்ணோடு இணைந்துவிடும். பிறகு பேச்சோடு பேச்சாக டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும், காலாவதித் தேதியையும், ஓடிபியையும் வாங்கிப் புதிய யுபிஐ பின்னை அவரே அமைத்துக்கொள்வார்.

இன்னொரு வகை, "சிம்மை 5ஜிக்கு மாற்றித் தருகிறோம்" என்பது. அனுப்பச் சொல்லும் 20 இலக்க எண், அவர் கையில் இருக்கும் புது சிம்மின் எண். அனுப்பி உறுதிசெய்ததும் உங்கள் போனில் சிக்னல் போய்விடும். எண் அவர் வசமாகும். சிம் மாறியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் இயங்கக்கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. அந்த அவகாசம் உங்களைக் காப்பதற்கானது. காரணமில்லாமல் சிக்னல் போனால் காத்திருக்காமல், வேறு போனிலிருந்து சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே வேண்டாம்; அது உங்கள் போனில் ஒரு செயலியை நிறுவிவிடும். எஸ்எம்எஸ் அனுமதி பெற்றுவிட்டால், அந்தச் செயலியே உங்கள் ஓடிபிகளைப் படித்து அனுப்பிவிடும்.

பணம் போய்விட்டால்

1. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முயல்வார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

2. வங்கியின் உதவி எண்ணில் சொல்லி, கார்டையும் யுபிஐயையும் நிறுத்துங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

3. வந்த, அனுப்பிய எஸ்எம்எஸ்கள் எதையும் அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

உங்கள் உரிமை

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட உத்தரவு வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்டியது. தவறு உங்களுடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் கிடையாது. பின் எண், ஓடிபி போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு. ஆனால் புகார் செய்தபின் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு. தவறு உங்கள்மீது என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

30 நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. வழிகாட்டுதலுக்கு 14448.

கணினி, போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு.

பலர் புகார் செய்யத் தயங்குவதற்குக் காரணம் கூச்சம். "படிச்சவங்க ஏமாந்துட்டீங்களே" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தத் தயக்கத்தில் கழியும் நேரத்தில்தான் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்: போனில் யார் சொன்னாலும் எதையும் அனுப்ப வேண்டாம், அனுப்பிவிட்டால் உடனே எங்களிடம் சொல்லுங்கள், திட்ட மாட்டோம்.